ரிஷப ராசி நிறுவனர்

உலகளாவிய ஸ்டார்ட்அப் ஒன்றுக்கு நான் நிறுவனராக இருந்தேன். அந்தப் பதவிக்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி ரிஷப ராசி.

சட்டம் படித்துவிட்டுப் பதிவுத் துறையில் சேர்ந்து, மாவட்டப் பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். கிரயம், தானம், பாகப்பிரிவினை, கூட்டு வணிகம், சங்கம் என்று மனிதர்கள் ஒருவரோடொருவர் போட்டுக்கொண்டு, பிறகு அவிழ்க்க முடியாமல் தவித்த முடிச்சுகள் எல்லாம் என் மேசையைக் கடந்துதான் போயின. ராகு காலம் முடியட்டும் என்று வாசலில் வெயிலில் நிற்பார்கள். முடிந்த நிமிடம் மதகு திறந்த மாதிரி உள்ளே பாய்வார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரித்ததில்லை; கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பிறகு எனக்கென்று ஒரு திட்டம் இருந்தது. மேகமலைக்கு அடிக்கடி போய் யாரோடும் பேசாமல் இருப்பது. சின்னமனூரிலிருந்து பஸ் மலையேறிச் சில வளைவுகள் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விடும். அதற்கு மேல் என்னை யாரும் எதிலும் கையெழுத்துப் போடச் சொல்ல முடியாது. இதைவிட நல்ல திட்டத்தை அரசாங்கம்கூடத் தீட்டியிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் மகள் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தாள். அங்கே அவள் தொடங்கி நடத்திய கம்பெனி மூடிவிட்டது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உத்தமபாளையத்து வீட்டின் மாடியறையில் கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். பிறகு ஒரு காலையில், காமயகவுண்டன்பட்டியில் அவள் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த திராட்சைத் தோட்டத்துக்கு எங்களோடு வந்தாள். கவாத்து முடிந்து பந்தல் முழுக்கக் கொழுந்து விட்டிருந்தது. வேண்டாத தளிர்களை ஆட்கள் கிள்ளிப் போட, கீழே பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. மகள் ஒரு இலையைப் பறித்துத் துடைத்து வாயில் போட்டு மென்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஏதோ ஓடியது.

அரபு நாடுகளிலும் துருக்கியிலும் கிரேக்கத்திலும் இளம் திராட்சை இலையை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்து, அதற்குள் சோறும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைத்துச் சாப்பிடுகிறார்களாம். கண்ணாடி ஜாடியில் அடைத்து உலகம் பூராவும் விற்கிறார்களாம்.

"அவுகளுக்கெல்லாம் வருஷத்துல ஒரு தடவதான்ப்பா கொழுந்து. நமக்கு வருஷம் பூரா. உலகத்துல ஒருத்தன் இத யோசிக்கல பாருங்க" என்றாள்.

பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன சார், பழத்த விட்டுட்டு எலைக்கு வந்துட்டீக? எங்க வீட்டு ஆடு கோர்ட்டுக்குப் போகப் போகுது" என்றார்.

"போகட்டும். சாட்சிக்கு நீங்க வருவீகள்ல?" என்றேன். அன்று எல்லோரும் நன்றாகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே போய் உள்ளே மாட்டிக்கொண்டவன் நான் மட்டும்தான்.

ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் மனைவி மூன்று ஜாதகங்களை எடுத்து வைத்தாள். குச்சனூர்ப் பக்கம் இருக்கிற ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"இவளுக்கு மேஷம். ஏழரை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. இவ பேர்ல எதத் தொடங்குனாலும் தங்காதுன்னு சொல்லிட்டாக."

"கம்பெனிச் சட்டத்துல ராசிக்கு எந்தப் பிரிவும் இல்லையே."

"உங்களுக்கு ரிஷபம். பதினொண்ணுல சனி. நீங்க தொட்டதெல்லாம் துலங்குமாம்."

"நான் இதுவரைக்கும் தொட்டது ஆபீஸ் முத்திரை மட்டுந்தான். அது துலங்கல, கையில மைதான் ஒட்டுச்சு."

மகள் சிரித்தாள். "அம்மா சந்தோஷத்துக்குத்தானப்பா. பேர் மட்டுந்தான உங்களுது. வேல பூராம் நான் பாத்துக்கிறேன்."

"பேர் மட்டுந்தானே" என்ற சொல்லை என் வேலைக் காலத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். அண்ணன் உழைப்பைத் தம்பி பேரிலும் மருமகன் கடையை மாமியார் பேரிலும் எழுதி வைத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களில் பலரைப் பிறகு இதே உத்தமபாளையம் நீதிமன்ற வளாகத்தில், ஒரே வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கப் பார்த்திருக்கிறேன். அதை எடுத்துச் சொன்னேன்.

மனைவி தோசையைத் தட்டில் வைத்தாள். "தோட்டம் என் பேர்ல இருக்கு. எலை அடைக்கிற ஷெட்டு அங்கனதான் போடணும். எங்க பேச்சக் கேட்டா போடலாம்."

ஆக, நிறுவனர் நான். பங்குகளில் ஏறக்குறைய எல்லாமே என் பெயரில். சட்டப்படி இன்னொரு இயக்குநர் வேண்டும் என்றதும் மனைவி தானே இருந்துகொள்வதாகச் சொன்னாள். இரண்டாவது பெயரைச் சனி அவ்வளவாகக் கவனிக்க மாட்டாராம். கம்பெனியை யோசித்தவள், இலையை அளந்தவள், ஊர் ஊராகப் பேசியவள் எந்தக் காகிதத்திலும் இல்லை.

வேலைகளை நான் முறைப்படி செய்தேன் என்று சொல்வது பெருமைக்காக இல்லை. எனக்கு வேறு மாதிரி செய்யத் தெரியாது. உணவுப் பாதுகாப்பு உரிமம், ஏற்றுமதி எண், வரிப் பதிவு எல்லாம் ஒரு கேள்விகூட வராமல் வந்து சேர்ந்தன. கம்பெனியின் பதிவு அலுவலகம் எதுவோ அதன் வெளியே பெயர்ப்பலகை மாட்ட வேண்டும் என்பது சட்டம். பதிவு அலுவலகம் என்பது எங்கள் வீடு. பலகையில் 'குளோபல்' என்ற சொல் இருந்ததால், மாட்டிய மறுநாளே பாஸ்போர்ட்டோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "துபாய்க்கா, கத்தாருக்கா சார்?" என்று கேட்டவர்களிடம், போவது இலை மட்டும்தான் என்று விளக்கினேன். ஒருவர் திரும்பிப் போகும்போது, "எலைக்கு விசா குடுக்கிறாக, நமக்குக் குடுக்க மாட்டேங்கிறாக" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது போன்.

நிறுவனரின் எண் என்னுடையது. ஆகவே வங்கி, வரி, சுங்கம், ஆய்வுக்கூடம், ஜாடி விற்கிறவர் என்று உலகத்தில் யார் எங்கே கதவைத் திறந்தாலும் அதற்கான ஓடிபி என் போனில்தான் வந்து விழும். வந்த எண்ணை உடனே சொல்ல வேண்டும், தாமதித்தால் செத்துப்போகும். குளிக்கும்போது மனைவி கதவைத் தட்டி, "என்னங்க, ஆறு எழுத்து வந்திருக்காம்" என்பாள். முடிவெட்டக் குனிந்த தலையோடு எண் சொல்லியிருக்கிறேன். சாவு வீட்டில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். மேகமலைப் பேச்சை எடுத்தால் மகள் கலவரமானாள். "அங்கன சிக்னல் இல்லையேப்பா" என்பாள், அங்கே தண்ணீர் இல்லை, காற்று இல்லை என்கிற மாதிரி. அரசு ஊழியனுக்காவது ஈட்டிய விடுப்பு உண்டு. நிறுவனருக்கு அதுவும் கிடையாது.

பிறகு என்னைப் படிக்க அனுப்பினார்கள். புதிய தொழில்முனைவோருக்கு ஒரு ஆன்லைன் வகுப்பு. அதை முடித்தால் முதலீட்டாளர்களிடம் அறிமுகம் செய்துவைப்பார்கள். நிறுவனரே கலந்துகொள்ள வேண்டும், கேமரா திறந்திருக்க வேண்டும் என்பது விதி. மகள் மடிக்கணினிக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில், தரையில் உட்கார்ந்துகொள்வாள். ஆசிரியர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர். தீர்வைக் காதலிக்காதீர்கள், பிரச்சினையைக் காதலியுங்கள் என்றார். பிரச்சினையைக் காதலித்தவர்களை எல்லாம் நான் திருமணப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. தரையிலிருந்து ஒரு கை என் முழங்காலை அழுத்தியது.

சரக்கு துறைமுகத்தில் நிராகரிக்கப்பட்டால் திருப்பி எடுத்துவரும் பொறுப்பு யாருடையது என்று ஒரு நாள் கேட்டேன்.

"அங்கிள், ப்ளீஸ், நெகட்டிவா யோசிக்காதீங்க" என்றார் ஆசிரியர்.

"நெகட்டிவ் இல்ல தம்பி. நிபந்தனை" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றைக்குப் பிறகு வகுப்பில் எனக்கு 'நிபந்தனை அங்கிள்' என்று பெயர்.

ஐந்தாண்டுத் திட்டம் எழுதச் சொன்னார்கள். முதல் வருடம் வளைகுடா, அடுத்து ஐரோப்பா, பிறகு அமெரிக்கா என்று மகள் படம் போட்டுக் கொடுத்தாள். மூன்று கண்டங்களிலும் அம்புக்குறி பாய, எல்லா அம்புகளும் காமயகவுண்டன்பட்டியில் ஒரு தகர ஷெட்டிலிருந்து கிளம்பின. அது நன்றாக இருந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். இரவில் படுத்துக்கொண்டு ஜாடி மூடியின் அளவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தேன். ஆய்வுக்கு அனுப்பிய முதல் இலைகளில், பக்கத்துத் தோட்டத்துப் பூச்சிமருந்து காற்றில் வந்து படிந்திருப்பதாக முடிவு வந்தபோது, எனக்குத் தெரிந்த வழியில் மேல்முறையீடு எங்கே என்று தேடினேன். ஆய்வுக்கூடத்துக்கு மேல்முறையீடு இல்லை. மகள் நாள் முழுக்கப் பந்தலுக்கடியில் நடந்தாள். ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் பறிக்க வைத்தாள். அடுத்த முடிவு சுத்தமாக வந்தது. சான்றிதழில் என் பெயர் அச்சாகியிருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, "சூப்பர் நிறுவனரே" என்று என்னிடமே நீட்டினாள். சிரித்துக்கொண்டுதான் நீட்டினாள். வாங்கிக்கொள்ள எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் சிங்கப்பூரிலிருந்து ஒரு முதலீட்டாளர் திரையில் வந்தார். தமிழர்தான், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். இந்த முறை மகளைப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தேன். இவர்தான் உற்பத்தி, விற்பனை எல்லாம் பார்க்கிறவர் என்று அறிமுகம் செய்தேன். கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். அவர் அவளிடம் கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு உங்க கதைதான் பிடிச்சிருக்கு" என்றார் கடைசியில். "ரிட்டயர் ஆன கவர்மென்ட் ஆபீசர், திராட்சைத் தோட்டம், ஆடு தின்ற இலை. இது உலகம் முழுக்க எடுபடும். ஜாடியில உங்க படத்தையே போடலாம். ஒரே ஒரு கண்டிஷன். நிறுவனர் நாலு வருஷத்துக்கு விலகக் கூடாது, பங்கை யாருக்கும் மாத்தக் கூடாது."

திரை அணைந்ததும் மகள் எழுந்து கை தட்டினாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஆவணங்களைப் படித்துப் பழகியவனுக்கு அதில் இருந்தது நன்றாகத் தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்டால் அவளுடைய கம்பெனி நான்கு வருடத்துக்கு அவளுடையது ஆகாது. அந்த நான்கு வருடத்தில் அது பெரிதாக வளர்ந்தால், அதற்குப் பிறகும் ஆகாது. ஜாடியில் என் முகம் இருக்கும். அவள் நாற்காலியிலிருந்து மறுபடி தரைக்குப் போய்விடுவாள்.

கையெழுத்துப் போடுமுன் பங்குகளை அவள் பெயருக்கு மாற்றிவிடுவது ஒன்றே வழி. ஒரு படிவம், ஒரு தீர்மானம். அரை நாள் வேலை. தடை மனைவியும் அவளது ஜோசியரும் என்று நினைத்துக்கொண்டு, முறைப்படி இயக்குநர் குழுக் கூட்டத்தைச் சமையலறையில் கூட்டினேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேருக்கு மாத்தப் போறேன். நீ தோட்டத்தச் சொல்லி மறிக்கக் கூடாது."

"நான் எதுக்கு மறிக்கிறேன்?"

"அன்னைக்கு ஜாதகத்தோட வந்தது யாரு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த ஜோசியர்ட்ட என்னையக் கூட்டிட்டுப் போனதே அவதான். கம்பெனி மூடி வந்ததுல இருந்து அவ மட்டும் மூணு பேர்ட்ட பாத்திருக்கா. உங்கட்டச் சொன்னா கேலி பண்ணுவீகன்னு என்னையச் சொல்லச் சொன்னா. நான் சொன்னேன். பெத்தவ நான் வேற என்ன செய்வேன்?"

மூன்று கண்டங்களுக்கு அம்பு விட்டவள், ஆய்வறிக்கையை எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள், ஜாதகக் கட்டத்துக்குள் தானே போய் உட்கார்ந்திருக்கிறாள். அவளை அடைத்து வைத்த காவலாளி நான் என்று நினைத்திருந்தேன். கதவை உள்ளிருந்து தாழ் போட்டிருந்தது அவள்தான்.

மாடிக்குப் போனேன். கேலி செய்யக் கூடாது என்று படியிலேயே முடிவு செய்துகொண்டேன்.

"உனக்கு இதுல நம்பிக்கை இருக்கா ஆத்தா?"

யார் சொன்னது என்று கேட்காமலே புரிந்துகொண்டாள். "நம்பிக்கையெல்லாம் இல்லப்பா. பயந்தான். அங்க மூடுன மாசமும் சனி மாறுன மாசமும் ஒண்ணு. நான் பாத்துட்டேன். பாக்காம இருந்திருக்கலாம். என்னைய நம்பி வந்தவுக அத்தன பேரையும் ஒரே நாள்ல வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன். இப்ப எலை பறிக்க வர்ற அக்காகளும் அதே மாதிரிதான் என் மூஞ்சியப் பாக்கிறாக. என் பேர எழுதி இதையும் மூடணுமா? உங்க பேர்ல நல்லாத்தான போகுது?"

"ரிஷபத்துக்கும் ஒரு நாள் ஏழரை வரும்."

"அது வர்றப்பப் பாத்துக்கலாம்."

"அந்த ஒப்பந்தத்தப் படிச்சியா? நாலு வருஷத்துல நிறுவனர் விலக ஒரே ஒரு வழிதான் போட்டிருக்கான். அவர் செத்துப்போகணும். அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வி.ஏ.ஓ. விசாரணை, தாசில்தார் கையெழுத்து, உங்கம்மா சம்மதப் பத்திரம். அதெல்லாம் முடிஞ்சாத்தான் உன் கம்பெனி உன் பேருக்கு வரும். முறையெல்லாம் எனக்கு அத்துப்படி. நீ எதுக்காகக் காத்திருக்கன்னு யோசிச்சுப் பாரு."

"அசிங்கமாப் பேசாதீகப்பா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சில நாட்கள் தோட்டத்திலேயே கிடந்தாள். என்னிடம் பேசியது ஓடிபிக்காக மட்டும்தான். நானும் எண்ணை மட்டும் சொன்னேன். முதலீட்டாளரின் ஒப்பந்தம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையில் தும்பு தூசியோடு வந்து நின்றாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

படிவத்தை எடுத்து வைத்தேன். ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். முடியட்டும், கொஞ்சம் இரு என்று சொல்ல எனக்கே வாய் வந்தது. என் மேசைக்கு வந்த யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் போட்டுவிட்டாள்.

பங்குகள் மாறி மகள் இயக்குநரும் ஆனதும் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "அதான் அவ வந்துட்டாள்ல. நான் வெலகிக்கிறேன். எழுதித் தாங்க, போட்டுத் தர்றேன்" என்றாள். நான் எழுதித் தந்தேன். முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு இயக்குநர்களுக்குக் குறையக் கூடாது என்ற விதியும், ஆகவே இனி நான் விலக முடியாது என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தன. விலகும் முறையை ஆதியோடந்தமாக அறிந்தவன் நான். அதில் முந்திக்கொண்டவள் அவள்.

முதலீட்டாளரிடம் நடந்ததைச் சொன்னோம். மகள் தனியாக, படத்தின் நடுவில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி விளக்கினாள். என்னைவிட நூறு மடங்கு நன்றாகப் பேசினாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அந்த யோசனை நீண்டுகொண்டே போனபோது ஒரு காலை நான் துணிந்து சின்னமனூரில் மலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். முதல் வளைவுகள் கடந்திருந்தன. ஜன்னலில் குளிர் படத் தொடங்கியது. போன் அடித்தது.

"எங்கப்பா இருக்கீக?"

"மல ஏறிட்டிருக்கேன்."

"பதில் வந்திருச்சு. வேணாம்னுட்டாக. நீங்க இல்லாம அந்தக் கதையில ஒண்ணுமில்லையாம்."

அவள் பெயரில் வந்த முதல் செய்தி இதுதான். அடுத்து சனியின் பெயர் வரும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பக்கம் ஷெட்டில் ஜாடிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. யாரையோ, "அக்கா, அந்த வரிசைய இங்கன வைங்க" என்றாள். பிறகு போனுக்குத் திரும்பினாள்.

"அப்பா, சார்ஜாவுல ஒரு கடைக்காரர் சாம்பிள் கேட்டிருக்காரு. இன்னைக்கே அனுப்பணும். ஏற்றுமதி சைட்டுல இன்னும் உங்க நம்பர்தான் இருக்கு. சிக்னல் போறதுக்குள்ள எறங்கிருங்க."

எண்ணை மாற்றும் முறை எனக்குத் தெரியும். அந்த விண்ணப்பத்துக்கும் முதலில் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். எழுந்து கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொன்னேன்.

"இங்கனயா? நடுக்காட்டுலயா? ஏறும்போதே தெரியாதா சார்?" என்று விசில் கொடுத்தார்.

பஸ் போய்விட்டது. வளைவின் விளிம்பில், கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாகத் தெரிகிற இடத்தில், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிக்னலில் ஒரு கோடு வந்தது. எண் வந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"வந்திருச்சுப்பா" என்றாள். நான் போனைப் பைக்குள் வைக்கப் போனேன்.

"வச்சிராதீக. இன்னொண்ணு வரும். அங்கனயே நில்லுங்க."